காத்திருப்பை அள, தங்கச்சி

மிடில்வேர் வேகமாக இருக்கிறதா என்று மேனேஜர் கேட்டால் உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடாதே. எங்கிருந்து எதுவரை என்று முதலில் கேள். அதைக் கேட்காமல் எடுத்த அளவெல்லாம் பிறகு பிரிட்ஜ் காலில் சண்டை போடத்தான் உதவும். எஸ்.ஏ.பி. டீம் ஒரு எண் சொல்லும், நெட்வொர்க் டீம் ஒன்று சொல்லும், நம் டீம் ஒன்று சொல்லும். மூன்றும் உண்மையாகவே இருக்கும். பில் மட்டும் இன்னும் பிரிண்ட் ஆகியிருக்காது.

நீ இந்த வேலைக்குப் புதிது. ஜேமீட்டரோ கேட்லிங்கோ, எந்த டூலைக் கொடுத்தாலும் ஒரு வாரத்தில் பழகிவிடுவாய். எதை அளப்பது என்பதை டூல் சொல்லித் தராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மிடில்வேர் இரண்டு சிஸ்டங்களுக்கு நடுவில் நிற்பது. ஒரு ஃபார்மட்டை இன்னொன்றாக மாற்றும், யாருக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும், அனுப்பியதைக் குறித்துவைக்கும். இந்த வேலைகளெல்லாம் பெரும்பாலும் மில்லிசெகண்டில் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது காத்திருப்பு. த்ரெட் காலியாகட்டும் என்று, கனெக்‌ஷன் கிடைக்கட்டும் என்று, அந்தப் பக்கம் பதில் சொல்லட்டும் என்று மெசேஜ் எங்கெங்கோ நிற்கும். மிடில்வேரின் பெர்ஃபார்மன்ஸை அளப்பது என்றால் மெசேஜ் எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான். நான் கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

ஒரு பில்லின் 16 விநாடி

நம் ஊரில் பல நிறுவனங்களில் இருக்கும் ஒரு இன்டகிரேஷனை எடுத்துக்கொள்வோம்: ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் டர்ன்ஓவர் உள்ள நிறுவனங்களோடு தொடங்கியது. வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட்டிலிருந்து 5 கோடியைத் தாண்டினாலே கட்டாயம். தொழிற்சாலை இன்னொரு நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பும்போது பில் விவரம் ஜேசன் வடிவில் இன்வாய்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன் போர்ட்டலுக்குப் போக வேண்டும். அங்கிருந்து 64 எழுத்து நீளமுள்ள ஐ.ஆர்.என். என்ற பதிவு எண்ணும், டிஜிட்டல் கையொப்பமிட்ட க்யூ.ஆர். கோடும் திரும்பி வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பில் பிரிண்ட் ஆகும், லாரி கேட்டைத் தாண்டும். ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையை மனதில் வைத்துக்கொள். லாரி நிற்கிறது, டிரைவர் கீழே இறங்கி நிற்கிறார், டிஸ்பாட்ச் கவுன்டரில் இருப்பவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது ஒரே ஒரு பில்லை எடுத்து அதன் பின்னாலேயே போ. அதன் பயணம் இப்படி இருக்கிறது என்று வை.

மாலை 4:42:07.310க்கு எஸ்.ஏ.பி.யில் பில் ரிலீஸ் ஆகிறது. 07.355க்கு மிடில்வேர் வாங்கிக்கொள்கிறது. 38 மில்லிசெகண்டில் ஜேசனாக மாற்றி, 07.393க்கு வெளியே போகும் கியூவில் வைக்கிறது. கியூவிலிருந்து அது எடுக்கப்படுவது 21.800க்கு. போர்ட்டலுக்குப் போய்ப் பதில் வர 1.25 விநாடி. பதிலைத் திரும்ப எஸ்.ஏ.பி.க்குப் புரியும்படி மாற்ற 40 மில்லிசெகண்ட். எஸ்.ஏ.பி.யில் எழுத 310 மில்லிசெகண்ட். 4:42:23.400க்கு பில் தயார்.

மொத்தம் 16.09 விநாடி. அதில் 14.4 விநாடி அந்த பில் கியூவில் சும்மா நின்றிருக்கிறது. இதே பில்லுக்கு மிடில்வேர் லாக் என்ன சொல்லும் தெரியுமா? ப்ராசஸிங் டைம் 78 மில்லிசெகண்ட் என்று சொல்லும். 38 கூட்டல் 40. பொய் இல்லை. போர்ட்டல் தரப்பைக் கேட்டால் ஒன்றேகால் விநாடி என்பார்கள், அதுவும் பொய் இல்லை. நடுவில் நின்ற 14.4 விநாடி யாருடைய லாகிலும் இல்லை. அதை வெளியே எடுத்துக் காட்டுகிற ஆளாக நீ இருக்க வேண்டும்.

இதற்கு ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு அடையாளம் வேண்டும். அது ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கூடவே பயணிக்க வேண்டும். ஐ.பி.எம். எம்.க்யூ.வில் மெசேஜ் ஹெட்டரிலேயே கோரிலேஷன் ஐ.டி.க்கு 24 பைட் இடம் இருக்கிறது. காஃப்காவில் 2017இல் வந்த 0.11 வெர்ஷனிலிருந்து ரெக்கார்டுக்கு ஹெட்டர் வைக்கலாம். எச்.டி.டி.பி. பக்கம் டபிள்யூ3சி 2020இல் வகுத்துத் தந்த டிரேஸ் கான்டெக்ஸ்ட் ஹெட்டர் இருக்கிறது. ஓப்பன்டெலிமெட்ரி அதைத்தான் பயன்படுத்துகிறது. ஒன்றை மட்டும் கவனி. எச்.டி.டி.பி.யில் வந்த டிரேஸ் ஐ.டி. கியூவுக்குள் போகும்போது பல இடங்களில் அறுந்துவிடும். மெசேஜ் ப்ராபர்ட்டியாக அதை எடுத்துப் போடுகிறார்களா என்று டெவலப்பரிடம் கேட்டு, ஒரு மெசேஜை நீயே திறந்து பார்த்து உறுதி செய்துகொள்.

கடிகாரத்தையும் பார். இரண்டு சர்வர்களின் கடிகாரம் 200 மில்லிசெகண்ட் விலகியிருந்தால், மெசேஜ் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதாக லாக் சொல்லும். டெஸ்ட் தொடங்கும் முன் எல்லா சர்வரிலும் என்.டி.பி. ஓடுகிறதா, விலகல் எவ்வளவு என்று எழுதி வை. முடிந்த இடத்திலெல்லாம் புறப்பட்டதையும் திரும்பி வந்ததையும் ஒரே மெஷினின் கடிகாரத்தில் அள.

சராசரி யாருக்கும் நடக்காத ஒன்று

1,000 பில் அனுப்புகிறாய். 980 பில் 100 மில்லிசெகண்டில் முடிகிறது, 20 பில் 15 விநாடி எடுக்கிறது. சராசரி 398 மில்லிசெகண்ட். ரிப்போர்ட்டில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் 398 மில்லிசெகண்டில் முடிந்த பில் என்று ஒன்றுகூட அங்கே இல்லை. 20 லாரிக்காரர்களின் அனுபவம் அந்த எண்ணுக்குள் காணாமல் போய்விட்டது.

ஆகவே 50, 95, 99ஆவது பர்சென்டைல்களைச் சொல், கூடவே அதிகபட்சத்தையும் சொல். மேலே சொன்ன கணக்கில் 95ஆவது பர்சென்டைல்கூட 100 மில்லிசெகண்ட் என்றுதான் காட்டும். 99ஐப் பார்த்தால்தான் 15 விநாடி தெரியும். அதிகபட்சத்தை விதிவிலக்கு என்று தள்ளிவிடச் சொல்வார்கள். தள்ளாதே, அது ஏன் வந்தது என்று ஒரு வரி எழுத முடிகிற வரை விடாதே.

நான்கு நோடுகளின் 99ஆவது பர்சென்டைலைக் கூட்டி நான்கால் வகுக்கிற பழக்கம் நிறைய டாஷ்போர்டுகளில் இருக்கிறது. அப்படி வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஹிஸ்டோகிராமாகச் சேமித்து, ஹிஸ்டோகிராம்களை ஒன்றாக்கி, அதிலிருந்து பர்சென்டைல் எடுக்க வேண்டும். கில் டெனி எழுதிய எச்.டி.ஆர். ஹிஸ்டோகிராம் லைப்ரரி இதற்கென்றே இருக்கிறது.

மெதுவாகிப்போகும் இந்தக் கடைசிச் சிலவற்றை, அதாவது வால்பகுதியை, நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம், மிடில்வேர் ஒரு கோரிக்கையைப் பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பிப் பதில்களைச் சேர்ப்பது. ஐந்து பேக்எண்ட், ஒவ்வொன்றும் 100க்கு ஒரு முறைதான் மெதுவாகும். ஐந்தும் வந்தால்தான் பதில் என்றால், 100க்கு கிட்டத்தட்ட 5 கோரிக்கை மெதுவாகிவிடும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் எழுதிய கட்டுரையில் இதே கணக்கை 100 சர்வருக்குப் போட்டுக் காட்டினார்கள்: 63 சதவீதம். பேக்எண்ட் டீம் ஒவ்வொன்றும் தன் 99 சதவீதத்தைக் காட்டி நிம்மதியாக இருக்கும்போது, சேர்த்துத் தருகிற நம் இடத்தில்தான் குறை தெரியும்.

டெஸ்ட் டூலே காத்திருப்பை மறைக்கும்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. அனுபவம் உள்ளவர்கள்கூட இந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

வழக்கமான லோட் டெஸ்டில் ஒரு த்ரெட் கோரிக்கை அனுப்பும், பதில் வரும்வரை நிற்கும், வந்ததும் அடுத்ததை அனுப்பும். 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று வீதம் 100 விநாடி அனுப்புவதாகத் திட்டம். ஆக 10,000 கோரிக்கை. நடுவில் மிடில்வேரின் ஜே.வி.எம். கார்பேஜ் கலெக்‌ஷனில் 10 விநாடி உறைந்துவிடுகிறது. டெஸ்ட் டூல் என்ன செய்யும்? அதுவும் கூடவே உறைந்து நிற்கும். அந்த 10 விநாடியில் போயிருக்க வேண்டிய 1,000 கோரிக்கையில் ஒன்றுதான் போயிருக்கும். கடைசிக் கணக்கில் 9,000 நல்ல கோரிக்கை, ஒரே ஒரு 10 விநாடிக் கோரிக்கை. 99.9ஆவது பர்சென்டைல்வரை எல்லாம் பச்சையாக இருக்கும்.

உண்மையில் தொழிற்சாலையில் என்ன நடந்திருக்கும்? மிடில்வேர் உறைந்தது எஸ்.ஏ.பி.க்குத் தெரியாது, அது பில்லை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். அந்த 1,000 பில்லும் காத்திருக்கும். முதலில் வந்தது 10 விநாடி, கடைசியில் வந்தது கொஞ்ச நேரம். சரியாக அளந்திருந்தால் 99ஆவது பர்சென்டைல் 9 விநாடி பக்கம் வரும். சிஸ்டம் ஒன்றுதான், நடந்ததும் ஒன்றுதான், எண் மட்டும் ஆயிரக்கணக்கான மடங்கு மாறிவிட்டது. இதற்குக் கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்தவரும் கில் டெனிதான்.

தப்பிக்க வழி, பதில் வந்ததா இல்லையா என்று பார்க்காமல் குறித்த நேரத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கும்படி டெஸ்டை அமைப்பது. கே6இல் கான்ஸ்டன்ட் அரைவல் ரேட், கேட்லிங்கில் கான்ஸ்டன்ட் யூசர்ஸ் பெர் செகண்ட், ஜேமீட்டரில் 5.5 வெர்ஷனிலிருந்து வந்த ஓப்பன் மாடல் த்ரெட் குரூப். எதைப் பயன்படுத்தினாலும், நேரத்தை எண்ணத் தொடங்குவது கோரிக்கை போயிருக்க வேண்டிய நொடியிலிருந்து. போன நொடியிலிருந்து அல்ல.

எந்த வேகத்தில் அனுப்புவது? ஒரு நாளைக்கு 6,000 பில் என்று பிசினஸ் டீம் சொல்லும். 24 மணி நேரத்துக்கு வகுத்தால் நிமிடத்துக்கு 4. அந்த 4ஐ வைத்து டெஸ்ட் செய்தால் எந்த மிடில்வேரும் பாஸ். ஆனால் பாதி பில் மாலை 4 முதல் 6 மணிக்குள் வருகிறது என்றால் நிமிடத்துக்கு 25. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சூப்பர்வைசர் 400 பில்லை ஒரே ஓட்டத்தில் ரிலீஸ் செய்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் 400. டெஸ்ட் செய்ய வேண்டியது இந்தக் கடைசி நிலைமையை. ப்ரொடக்‌ஷன் லாகை வாங்கி, மாதக் கடைசி நாளின் அனுப்பும் நேரங்களை அப்படியே எடுத்து ஓட்டு. கற்பனையில் உருவாக்கிய சீரான லோட் எதையும் காட்டிக்கொடுக்காது.

சி.பி.யூ. 8 சதவீதம், லாரி மட்டும் நகரவில்லை

மிடில்வேர் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததும் எல்லோரும் சி.பி.யூ. கிராஃபைத் திறப்பார்கள். 8 சதவீதம். எங்கள் பக்கம் ஒன்றுமில்லை என்று மூடிவிடுவார்கள். நீ அப்படி மூடாதே. த்ரெட் பூல், கனெக்‌ஷன் பூல் இரண்டையும் திற.

ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. இந்த வேலையில் அதைவிட அதிகம் பயன்படுகிற கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை. உள்ளே இருக்கும் மெசேஜ்களின் எண்ணிக்கை, வருகிற வேகத்தை ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். விநாடிக்கு 5 பில் வருகிறது, போர்ட்டல் பதில் சொல்ல 4 விநாடி என்றால், எந்த நேரமும் 20 பில் வெளியே போய்க் காத்துக்கொண்டிருக்கும். உன் கனெக்‌ஷன் பூலின் அளவு 10 என்றால்? விநாடிக்கு 2.5 பில்தான் போகும். 80 விநாடியில் வந்து சேர்ந்த 400 பில் போய் முடிய 160 விநாடி. போர்ட்டல் திணறி 12 விநாடி எடுக்கத் தொடங்கினால் அதே 400 பில்லுக்கு 8 நிமிடம். இத்தனைக்கும் சி.பி.யூ. அசையாது. காத்திருக்கும் த்ரெட்டுக்கு சி.பி.யூ. தேவையில்லையே.

பூல் அளவைக் கூட்டினால் தீர்ந்தது என்று நினைக்காதே. கூட்டினால் அந்தப் பக்கம் தாங்குமா என்று கேட்க வேண்டும், நம் பக்கமும் பூட்டுகளுக்கும் (lock) டேட்டாபேஸுக்கும் த்ரெட்கள் ஒன்றோடொன்று மோதும். நீல் கன்தர் யூனிவர்சல் ஸ்கேலபிலிட்டி லா என்று இதை வகுத்தார்: ஒரு அளவுக்கு மேல் கூட்டினால் த்ரூபுட் கூடாமல் குறையவே தொடங்கும். 10, 20, 40, 80 என்று வைத்து ஓட்டிப் பார்த்து, வளைவு எங்கே திரும்புகிறது என்று வரைந்துவிடு. டீமில் நடக்கும் பாதி விவாதம் அந்த ஒரு கிராஃபில் முடிந்துவிடும்.

உபயோக அளவைப் பற்றியும் ஒரு கணக்கு. ஒரே ஒரு ப்ராசஸர், மெசேஜ்கள் ஒழுங்கில்லாமல் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 20 மில்லிசெகண்ட் வேலை என்ற எளிய கியூ மாதிரியில், 50 சதவீத உபயோகத்தில் மொத்த நேரம் 40 மில்லிசெகண்ட். 80இல் 100. 90இல் 200. 95இல் 400. கடைசி 5 சதவீதத்தில் நேரம் இரண்டு மடங்கு. சர்வரை 95 சதவீதம் நிரப்பினால் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் இந்த நான்கு எண்களைக் காட்டு.

கியூவில் எத்தனை என்பதைவிட எவ்வளவு நேரமாக

கியூ டெப்த்தைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். 3,000 மெசேஜ் நிற்கிறது என்பது நல்லதா கெட்டதா? விநாடிக்கு 1,000 போகும் கியூவில் அது 3 விநாடி. நிமிடத்துக்கு 10 போகும் கியூவில் 5 மணி நேரம். ரேஷன் கடை வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவதைவிட, முன்னால் நிற்கும் அம்மாவிடம் எப்போது வந்தீர்கள் என்று கேட்டால் நிலைமை தெரிந்துவிடும். ஆகவே மிகப் பழைய மெசேஜின் வயதைப் பார்.

எம்.க்யூ.வில் கியூ ஸ்டேட்டஸ் கேட்கும் கமாண்டிலேயே அந்த வயது விநாடிக் கணக்கில் வரும், மெசேஜ்கள் கியூவில் இருந்த நேரமும் மைக்ரோசெகண்டில் வரும். ஆனால் அந்தக் கியூவுக்கு ஆன்லைன் மானிட்டரிங்கை ஆன் செய்திருந்தால்தான் வரும். இல்லையென்றால் அந்த இடம் காலியாக இருக்கும். டெஸ்ட் தொடங்குவதற்கு முன்பே அட்மினிடம் சொல்லி ஆன் செய்துவிடு, முடிந்த பிறகு கேட்டால் திரும்பக் கிடைக்காது. காஃப்காவில் கன்ஸ்யூமர் லேக் என்று எண்ணிக்கைதான் காட்டும். அதோடு நிற்காமல், கடைசியாகப் படித்த ரெக்கார்டின் டைம்ஸ்டாம்ப்புக்கும் இப்போதைய நேரத்துக்கும் உள்ள இடைவெளியையும் எடு.

கியூ நிரம்பினால் என்ன ஆகும் என்பதையும் வேண்டுமென்றே நிரப்பிப் பார்த்துவிடு. லினக்ஸ், விண்டோஸ் பக்கத்து எம்.க்யூ.வில் யாரும் மாற்றாவிட்டால் ஒரு கியூ 5,000 மெசேஜ்தான் தாங்கும். எடுப்பவரைவிட போடுபவர் விநாடிக்கு 80 அதிகமாகப் போட்டால் ஒரு நிமிடம் சொச்சத்தில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு போட முயலும் அப்ளிகேஷனுக்கு 2053 என்ற ரீசன் கோடு வரும். அந்த அப்ளிகேஷன் அதைப் பார்த்து என்ன செய்கிறது? நிற்கிறதா, திரும்ப முயல்கிறதா, மெசேஜைத் தவறவிடுகிறதா? இதை டெஸ்டில் தெரிந்துகொள்வதும் மாதக் கடைசி இரவில் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல.

எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டியவை

எந்த நிலைமையில் எடுத்தது என்று எழுதாத எண்ணை யாருக்கும் கொடுக்காதே. கொழும்பில் 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் தன் மிடில்வேரின் டெஸ்ட் முடிவுகளை வெளியிடும் விதத்தை ஒரு முறை பார். ஒரே நேரத்தில் எத்தனை பேர், மெசேஜ் எவ்வளவு பெரியது, பேக்எண்ட் எவ்வளவு தாமதம் என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி அட்டவணையாகத் தருகிறார்கள். உன் ரிப்போர்ட்டும் அப்படி இருக்கட்டும்.

பேக்எண்ட் தாமதத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நிஜப் போர்ட்டலில் லோட் டெஸ்ட் செய்ய முடியாது, அதனால் போலிப் பேக்எண்ட் வைப்போம். அது உடனுக்குடன் பதில் சொன்னால் மேலே சொன்ன பூல் பிரச்சினை எதுவும் தெரியாது. வயர்மாக்கில் ஏறி இறங்கும் தாமதத்தை வைக்கும் வசதி இருக்கிறது. ப்ரொடக்‌ஷனில் போர்ட்டல் எடுத்த நேரங்களைப் பார்த்து அதே மாதிரி வை. பிறகு அதை மூன்று மடங்காக்கி இன்னொரு முறை ஓட்டு.

மெசேஜ் தொலையாமல் இருக்க டிஸ்க்கில் எழுதுகிறதா என்றும் பார். எம்.க்யூ.வில் பெர்சிஸ்டன்ட் மெசேஜும் நான்-பெர்சிஸ்டன்ட் மெசேஜும் வேகத்தில் வேறு வேறு உலகம். காஃப்காவில் ஒத்திசைவில் இருக்கும் எல்லா ரெப்ளிகாவும் வாங்கிக்கொண்டதா என்று காத்திருப்பது 2021இல் வந்த 3.0விலிருந்துதான் டீஃபால்ட், பழைய எண்களை இப்போதைய எண்களோடு ஒப்பிடும்போது இது குறுக்கே வரும். மெசேஜ் அளவும் அப்படியே. ஒரு வரி பில்லும் 500 வரி பில்லும் ஒன்றாகாது, ப்ரொடக்‌ஷனில் இருக்கும் கலவையை எடு. லாக் லெவல் ப்ரொடக்‌ஷனில் எப்படியோ டெஸ்டிலும் அப்படியே. ஜே.வி.எம். சூடாகும் முதல் சில நிமிடங்களை விட்டுவிட்டு எண்ணு. ஒரு முறையாவது இரவு முழுக்க ஓட்டு. மெமரி கசிவும் திருப்பித் தராத கனெக்‌ஷனும் அரை மணி நேர டெஸ்டில் தெரியாது.

வளர்ச்சியைச் சோதிக்கும்போது இரண்டு விதமாகச் சோதி. மெசேஜிங் மிடில்வேருக்கென்று ஸ்பெக் அமைப்பு கொண்டுவந்த ஸ்பெக்ஜே.எம்.எஸ்.2007 பெஞ்ச்மார்க், ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தின் சப்ளை செயினை மாதிரியாக வைத்தது. அதில் கடைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஒரு வழி, இருக்கிற கடைகளிலேயே போக்குவரத்தைக் கூட்டுவது இன்னொரு வழி. முதலாவதில் கியூக்களும் கனெக்‌ஷன்களும் பெருகும், இரண்டாவதில் ஒரே கியூ சூடாகும். உன் நிறுவனம் புதிய கிளைகளைத் திறக்கப் போகிறதா, இருக்கும் கிளைகளில் விற்பனையைக் கூட்டப் போகிறதா என்று பிசினஸ் டீமிடம் கேட்டுவிட்டு டெஸ்டை எழுது.

வந்தது, போனது, செத்தது

பிழைகளைத் தனியாக எண்ணு. தோற்றுப்போன கோரிக்கை பெரும்பாலும் சீக்கிரம் தோற்கும். அதை வெற்றிகளோடு சேர்த்தால் சராசரி அழகாகிவிடும். எச்.டி.டி.பி.யில் 200 என்று சொல்லிவிட்டு உள்ளே பிழைச் செய்தியை வைத்து அனுப்பும் சர்வீஸ்கள் ஏராளம். பதிலின் உள்ளே ஐ.ஆர்.என். இருக்கிறதா என்று உன் ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டும்.

டெஸ்ட் முடிந்ததும் கணக்கு நேராக வேண்டும். உள்ளே வந்தவை ஒரு பக்கம். வெளியே போனவை, கியூவில் மீதி நிற்பவை, அனுப்ப முடியாமல் டெட் லெட்டர் கியூவில் விழுந்தவை மறுபக்கம். ஒரு மெசேஜ் குறைந்தாலும் அந்த டெஸ்டின் வேகத்தைப் பற்றிப் பேசாதே, முதலில் அந்த மெசேஜைத் தேடு. ஒன்று கூடினாலும் அப்படியே, ஏனென்றால் கூடியது ரீட்ரையாக இருக்கும். போர்ட்டல் 12 விநாடி எடுக்கும்போது நம் டைம்அவுட் 10 விநாடியாக இருந்தால், போர்ட்டல் பில்லைப் பதிவு செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் நாம் கைவிட்டு மறுபடி அனுப்புவோம். அது டூப்ளிகேட் ஐ.ஆர்.என். என்று திருப்பியடிக்கும். பில் வெற்றி, நம் கணக்கில் தோல்வி. அதோடு, திணறிக்கொண்டிருக்கும் போர்ட்டலுக்கு இரட்டைச் சுமை. டைம்அவுட், ரீட்ரை எண்ணிக்கை, ரீட்ரைகளுக்கு நடுவே விடும் இடைவெளி இந்த மூன்றையும் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடு.

யாரிடம் கேட்பது

எல்லை எவ்வளவு என்பதை கான்ட்ராக்டில் மட்டும் தேடாதே. ஒரு நாள் டிஸ்பாட்ச் கவுன்டருக்குப் போ, முடியாவிட்டால் போனிலாவது பேசு. பில் வர எவ்வளவு நேரமானால் உங்களுக்குத் தாங்கும், எவ்வளவு ஆனால் லாரிகள் பின்னால் நிற்கத் தொடங்கும் என்று கேள். அவர் அரை நிமிடம் என்றால், உன் ரிப்போர்ட்டின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: மாதக் கடைசி மாலை லோடில், 100க்கு 99 பில் இத்தனை விநாடிக்குள் வந்தது, அதில் காத்திருப்பு இவ்வளவு. டிரான்சாக்‌ஷன்ஸ் பெர் செகண்டெல்லாம் கீழே வரட்டும். மேனேஜருக்கும் இதுதான் புரியும், பட்ஜெட் கேட்பதற்கும் இந்த வரிதான் உதவும்.

ஒவ்வொரு ஓட்டத்தின் ஹிஸ்டோகிராமையும் செட்டிங்குகளையும் சேமித்து வை. பேட்ச் போட்டார்கள், வெர்ஷன் மாற்றினார்கள், பூல் அளவைத் தொட்டார்கள் என்றால் அதே டெஸ்டை அதே நிலைமையில் திரும்ப ஓட்டிப் பழையதோடு ஒப்பிடு. ஒரே நேரத்தில் இரண்டு செட்டிங்கை மாற்றச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடு. எது பலன் தந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கோ-லைவ் ஆன பிறகு உன் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதே. டெஸ்டில் பார்த்த அதே அளவுகளை ப்ரொடக்‌ஷன் டாஷ்போர்டிலும் கொண்டுவரச் சொல். கியூவில் மிகப் பழைய மெசேஜின் வயதுக்கு அலாரம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் இந்த மாதக் கடைசிக்கு முன்பே வைத்துவிடு. எல்லை எவ்வளவு வைப்பது என்று யோசிக்காதே, டிஸ்பாட்ச் கவுன்டரில் சொன்ன நேரத்தில் பாதியை வை.